ஆக்டோபாத் டிராவலர் 2: முதல் டர்னிலிருந்து கடைசி அத்தியாயம் வரை ஒரு முழு வழிகாட்டி

பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளின் (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதையை நடத்திப் போகும் கேம்கள்) மணம் குறையாமல் இன்றைக்கு வரும் கேம்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஆக்டோபாத் டிராவலர் 2. ஸ்கொயர் எனிக்ஸ், அக்வையர் ஸ்டுடியோவுடன் சேர்ந்து உருவாக்கி 2023 பிப்ரவரி 24 அன்று வெளியிட்டது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, பிசி எல்லாவற்றிலும் உண்டு. 2024-ல் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. 2018-ல் வந்த முதல் பாகத்தை ஆடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உலகம், ஆட்கள், கதை எல்லாமே புதிது.

பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் தோற்றம். 1990களில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலில் வந்த கேம்களில் இருந்ததைப் போன்ற சின்னஞ்சிறு பிக்சல் உருவங்கள் முப்பரிமாணத் தெருக்களில் நடக்கின்றன. விளக்கு வெளிச்சம் கல் தரையில் படிகிறது, தண்ணீர் மின்னுகிறது, தூரத்துக் கட்டடங்கள் மங்கலாகின்றன. ஸ்கொயர் எனிக்ஸ் இந்தப் பாணிக்கு ஹெச்டி-2டி என்று பெயர் வைத்திருக்கிறது. ஆனால் இந்த கேமில் உண்மையில் பழையது அதன் சண்டை முறைதான். 1986-ல் அதற்கு முந்தைய ஃபாமிகாம் கன்சோலில் வந்த டிராகன் குவெஸ்ட் தொடங்கி வைத்த வழி: உங்கள் முறை வரும், பட்டியலில் ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுப்பீர்கள், பிறகு எதிரியின் முறை. விரல் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை, யோசனைக்குத்தான் வேலை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாஸ் எனப்படும் பெரிய எதிரி ஒருவனிடம் தோற்றதும் பலர் காட்டுக்குள் போய் மணிக்கணக்கில் சின்ன எதிரிகளை அடித்து லெவல் ஏற்றுகிறார்கள், அப்புறம் சலித்துப்போய் கேமையே மூடி வைத்துவிடுகிறார்கள். இந்த கேமுக்கு அது தேவையே இல்லை. ஒரு டர்னை, அதாவது எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வரும் ஒரு சுற்றை, படிக்கத் தெரிந்துகொண்டால் சொல்லப்பட்ட லெவலுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தும் ஜெயிக்கலாம். கீழே உள்ள படிகளில் பெரும்பங்கு அதைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்

எழுத்தும் குரலும் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்தோடு ஜப்பானியக் குரலை வைத்துக்கொள்ளலாம்; இரண்டு குரல் பதிவுகளும் தரமானவை. வாங்கலாமா என்ற தயக்கம் இருந்தால் கன்சோல்களில் 3 மணி நேர டெமோ இருக்கிறது. அதில் சேவ் செய்ததை முழு கேமுக்குக் கொண்டுபோகலாம், அதனால் நேரம் வீணாகாது. சண்டையின் வேகத்தை இரட்டிப்பாக்கும் வசதியும் உண்டு. சாதாரண சண்டைகளுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள், பாஸ் சண்டையில் எடுத்துவிடுங்கள். என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அடுத்ததைத் திட்டமிட முடியும்.

ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். யசுனோரி நிஷிகியின் இசையில் ஒவ்வொரு ஊருக்கும் பகலில் ஒரு வடிவம், இரவில் இன்னொரு வடிவம். கதையின் உச்சத்தில் அந்தப் பாத்திரத்தின் மெட்டு அப்படியே நழுவி பாஸ் சண்டையின் இசைக்குள் நுழையும் இடங்களை ஸ்பீக்கரில் தவறவிடுவது பாவம்.

முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது

எட்டுப் பேர், எட்டுக் கதைகள். யாரிடமிருந்தும் தொடங்கலாம், மற்ற எழுவரையும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: முதலில் தேர்ந்தெடுத்தவரை அவருடைய கதை முடியும்வரை குழுவிலிருந்து நீக்க முடியாது. ஆகவே நெடுநாள் கூடவே வைத்திருந்தாலும் பயன்படக்கூடிய ஒருவர் வேண்டும்.

கூ நாட்டு இளவரசன் ஹிகாரி வாள் வீரன். புதிதாக வருபவர்களுக்கு எளிது, அடி பலமாக விழும். ஊர்க்காரர்களைச் சண்டைக்கு அழைத்துத் தோற்கடித்தால் அவர்களின் வித்தைகளைக் கற்றுக்கொள்வான். நியூ டெல்ஸ்டா நகரத்தின் திருட்டுக் கும்பலில் வளர்ந்த த்ரோனே வேகமானவள். கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆயுதங்களை அவள் ஆரம்பத்திலேயே ஜனங்களின் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடுவாள். என் தேர்வு அவள்தான். வணிகன் பார்டிட்டியோவும் நல்ல தொடக்கம், வறுமையை ஒழிப்பேன் என்று கிளம்பும் அவனுடைய உற்சாகம் தொற்றிக்கொள்ளும்.

ஆஸ்வால்ட் ஓர் அறிஞர். மனைவியையும் மகளையும் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, பனி சூழ்ந்த தீவுச் சிறையில் கிடப்பவர். எட்டில் எனக்கு மிகப் பிடித்த முதல் அத்தியாயம் அவருடையது. ஆனால் அது நீளமானது, இறுக்கமானது. கேமின் கை பழகிய பிறகு அவரைச் சந்திப்பதே நல்லது. நினைவிழந்த மருத்துவர் காஸ்டி, விசாரணை அதிகாரியாக இருக்கும் குரு டெமெனோஸ், நடனக்காரி அக்னியா, தீவில் மிருகங்களோடு வளர்ந்த வேட்டைக்காரி ஒச்செட் ஆகியோர் மீதிப் பேர். யாரைத் தேர்ந்தாலும் கேமைக் கெடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

சண்டையைப் படிப்பது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

ஒவ்வொரு எதிரியின் கீழும் ஒரு கேடயமும் அதில் ஓர் எண்ணும் இருக்கும். பக்கத்தில் சில கேள்விக்குறிகள். அவைதான் அவனுடைய பலவீனங்கள். ஆறு ஆயுத வகைகள்: வாள், ஈட்டி, கத்தி, கோடரி, வில், தண்டம். ஆறு இயற்கைச் சக்திகள்: நெருப்பு, பனி, மின்னல், காற்று, ஒளி, இருள். எதிரிக்குப் பலவீனமான ஒன்றால் ஒரு முறை அடித்தால் கேடய எண் ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் அவன் பிரேக் ஆகிவிடுவான்: நிலைகுலைந்து நிற்பான், எதுவும் செய்ய முடியாது, அடி வழக்கத்தைவிடப் பலமாக விழும்.

கேள்விக்குறிகளைக் குருட்டுத்தனமாகத் தேட வேண்டாம். மேலே சொன்ன பன்னிரண்டும் எப்போதும் அதே வரிசையில்தான் காட்டப்படும். ஒருவனுக்கு மூன்று பலவீனங்கள், நடுவில் இருப்பது வில் என்று தெரிந்துவிட்டது என்றால், முதல் கேள்விக்குறி வாள், ஈட்டி, கத்தி, கோடரி ஆகியவற்றில் ஒன்று. கடைசி, தண்டம் அல்லது ஏதோ ஒரு சக்தி. பாதித் தேடல் குறைந்துவிடுகிறது. ஆஸ்வால்ட் குழுவில் இருந்தால் சண்டை தொடங்கும்போதே ஒரு பலவீனம் தானாகத் தெரிந்துவிடும். தேவையான சக்தி யாரிடமும் இல்லையென்றால் அந்தந்தச் சக்திக்குரிய சோல்ஸ்டோன் கற்களை வீசலாம். அவற்றைச் சேர்த்து வைத்துக் கடைசிவரை பயன்படுத்தாமல் விடுவது பலரின் பழக்கம். தாராளமாக வீசுங்கள்.

அடுத்தது பூஸ்ட். பூஸ்ட் புள்ளிகளைச் (பிபி) செலவழித்து ஒரு செயலைப் பலப்படுத்துவதுதான் அது. ஒவ்வொருவரும் 1 பிபியோடு தொடங்குவார்கள், டர்னுக்கு ஒன்று கூடும், 5 வரை சேர்க்கலாம், ஒரே நேரத்தில் 3 வரை செலவழிக்கலாம். சாதாரண அடியில் பூஸ்ட் போட்டால் அடிகளின் எண்ணிக்கை கூடும்: 3 பிபி போட்டால் ஒரே முறையில் நான்கு அடி. வித்தைகளில் போட்டால் பலமோ, நீடிக்கும் காலமோ கூடும். பூஸ்ட் போட்டால் அடுத்த டர்னில் பிபி ஏறாது. இந்த ஒரு விதிதான் எல்லாத் திட்டத்துக்கும் அடிப்படை. ஒவ்வொரு டர்னிலும் ஒன்று ஒன்றாகச் செலவழிப்பவருக்கு எப்போதும் கை காலியாகவே இருக்கும்.

இப்போது பிரேக்கின் நேரக் கணக்கு. பிரேக் ஆனவன் அந்த டர்னில் தன் முறை இன்னும் வரவில்லையென்றால் அதை இழப்பான், அடுத்த டர்னை முழுவதுமாக இழப்பான். அதற்கடுத்த டர்னில் எழுந்து எல்லோருக்கும் முன்னால் அடிப்பான். யார், எப்போது என்ற வரிசை திரையின் மேலே தெரியும், அடுத்த டர்னின் வரிசையும் சேர்த்து. சண்டையில் உங்கள் பக்கம் நால்வர். ஆகவே ஒரு டர்னின் முதல் ஆளே கேடயத்தை உடைத்துவிட்டால் அந்த டர்னில் மீதி மூவர், அடுத்த டர்னில் நால்வர் என மொத்தம் ஏழு அடிகள் எதிர்ப்பே இல்லாமல் கிடைக்கும். கடைசி ஆள் உடைத்தால் நான்குதான். அதே கேடயம், அதே அடி, பலன் மட்டும் ஏறக்குறைய பாதி.

ஓர் எடுத்துக்காட்டு. பாஸின் கேடயம் 6, பலவீனம் கத்தி, நெருப்பு. உங்களிடம் த்ரோனே, ஆஸ்வால்ட், அக்னியா, ஹிகாரி. முதல் டர்னில் த்ரோனே கத்தியால் ஓர் அடி, ஆஸ்வால்ட் ஒரு நெருப்பு. கேடயம் 4. யாரும் பூஸ்ட் போட வேண்டாம். இரண்டாம் டர்னில் கேடயத்தைத் தொடவே தொடாதீர்கள். காயம் பட்டவருக்கு உயிரை ஏற்றும் ஹீலிங் கிரேப் பழத்தைக் கொடுங்கள், மற்றவர்கள் தற்காத்து நில்லுங்கள். தற்காத்தால் அடி பாதியாகக் குறையும், அடுத்த டர்னில் அவருடைய முறை முன்னதாகவும் வரும். மூன்றாம் டர்னில் எல்லோரிடமும் 3 பிபி. த்ரோனே முதலில் வந்து 3 பிபி போட்டு நான்கு அடி. கேடயம் உடைந்தது, பாஸின் முறை போயிற்று. ஆஸ்வால்ட் முழு பூஸ்டில் தன் பெரிய நெருப்பைக் கொட்டட்டும். அக்னியா ஹிகாரியின் உடல் பலத்தைக் கூட்டும் நடனத்தை ஆடட்டும். ஹிகாரி பூஸ்ட் இல்லாமல் ஓர் அடி. நான்காம் டர்னில் பாஸ் இன்னும் தரையில்தான். ஹிகாரியிடம் 4 பிபி, உடலில் நடனத்தின் பலம். மூன்றைப் போட்டு அவனுடைய கனமான வித்தையை இறக்குங்கள். பாஸின் உயிர்க்கோட்டில் இந்த இரண்டு டர்ன்கள் செய்யும் வேலையைப் பத்து டர்ன் தனித்தனியாக அடித்தாலும் செய்ய முடியாது.

உடைப்பவர் வேறு, வெட்டுபவர் வேறு என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதிக சேதம் தரும் ஆளின் பிபியைக் கேடயத்தில் செலவழிக்காதீர்கள். நான்காம் டர்ன் முடிந்ததும் பாஸ் எழுந்து முதலில் அடிப்பான் என்பதால் அந்த டர்னின் கடைசி ஆள் மருத்துவம் பார்ப்பது நல்ல வழக்கம்.

இரண்டாம் பாகத்தில் லேட்டன்ட் பவர் என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அடி வாங்கும்போதும் எதிரியை பிரேக் செய்யும்போதும் ஒரு கோடு நிரம்பும், நிரம்பியதும் ஒவ்வொருவருக்கும் தனித்த ஒரு சக்தி. த்ரோனே ஒரே முறையில் இரண்டு செயல் செய்வாள். டெமெனோஸ் பலவீனம் எதுவானாலும் கேடயத்தைக் குறைப்பார். பார்டிட்டியோவின் பிபி ஒரேயடியாக ஏறும். ஆஸ்வால்ட் எல்லோர் மீதும் பாயும் மந்திரத்தை ஒருவன் மேல் குவிப்பார். கோடு நிரம்பியவுடனே பயன்படுத்திவிடாமல், பிரேக் ஆகப்போகும் டர்னுக்காகப் பொறுத்திருங்கள். டெமெனோஸ் மட்டும் விதிவிலக்கு. பலவீனம் பொருந்தாத பாஸ்களிடம் அவருடையதை உடனே எடுங்கள்.

ஊருக்குள் பகலும் இரவும்

ஒரு பொத்தானை அழுத்தினால் பகல் இரவாகும். ஒவ்வொருவருக்கும் பகலில் ஒரு வித்தை, இரவில் ஒரு வித்தை. த்ரோனே பகலில் திருடுவாள், இரவில் ஆளை மயக்கிப்போடுவாள். பார்டிட்டியோ பகலில் ஜனங்களிடமிருந்து பொருள் வாங்குவான், இரவில் ஆட்களையே கூலிக்கு அமர்த்துவான். ஆஸ்வால்ட் பகலில் ஆராய்வார், இரவில் அடித்துப் பறிப்பார். காட்டில் இரவில் பலமான எதிரிகள் வருவார்கள், கிடைக்கும் பலனும் அதற்கேற்ப.

புது ஊருக்குள் நுழைந்ததும் கடைக்குப் போகாதீர்கள். முதலில் ஜனங்களிடம் போங்கள். தகவல் சேகரிக்கும் வித்தையால் ஒவ்வொருவரையும் விசாரித்தால் மறைந்திருக்கும் பொருட்கள் தெரியவரும், சில இடங்களில் விடுதி வாடகையும் குறையும். பிறகு யாரிடம் நல்ல ஆயுதம் இருக்கிறது என்று பாருங்கள். திருட்டில் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும். முயற்சிக்கும் முன் சேவ் செய்துகொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் தோற்றால் ஊரில் பெயர் கெட்டுப்போகும், அப்புறம் மதுக்கடைக்காரரிடம் பணம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அக்னியா இரவில் கேட்டு வாங்குவாள். அதற்குத் தேவை லெவல் மட்டுமே, தோல்வி கிடையாது, காசும் இல்லை. அவளுடைய லெவல் ஏறியதும் பழைய ஊர்களுக்கெல்லாம் ஒருமுறை திரும்பிப் போவது நல்ல வருமானம்.

சும்மா வந்து நிற்கும் ஒரு கிழவரை விசாரித்தாலும் அவருக்கென்று ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டாம் தொழில்

ஒவ்வொருவருக்கும் சொந்தத் தொழிலோடு இன்னொரு தொழிலையும் பூட்டலாம். அதற்கான உரிமம் அந்தந்தத் தொழிலின் சங்கங்களில் கிடைக்கும், அவை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. முதல் உரிமம் எளிது, அடுத்தடுத்தவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. எட்டு அடிப்படைத் தொழில்களைத் தவிர மறைந்திருக்கும் தொழில்களும் உள்ளன. அவற்றில் கண்டுபிடிப்பாளர் தொழிலை ஆரம்பத்திலேயே வாங்கிவிடலாம்: நியூ டெல்ஸ்டாவின் கிழக்கு நெடுஞ்சாலையில் பட்டறை இருக்கிறது. மற்றத் தொழில்களைப் போல அதன் வித்தைகள் சண்டையில் சேரும் புள்ளிகளால் திறப்பதில்லை, பட்டறைக்காரர் கேட்கும் பாகங்களைத் தேடிக் கொண்டுவந்தால் கருவிகளாகச் செய்து தருவார்.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆயுத வகையைப் பாருங்கள். நால்வரின் ஆயுதங்களும் சக்திகளும் சேர்ந்து பன்னிரண்டில் பெரும்பாலானவற்றைத் தொட வேண்டும். இரண்டு பேர் ஒரே வாளையும் ஒரே நெருப்பையும் வைத்திருந்தால் பாதிப் பாஸ்களிடம் தவிப்பீர்கள். ஆஸ்வால்ட் போன்ற மந்திரக்காரருக்கு ஆயுதம் வாங்கும்போது உடல் தாக்குதல் எண்ணைப் பார்க்காமல் சக்தித் தாக்குதல் எண்ணைப் பாருங்கள், இரண்டும் தனித்தனி.

ஒரு தொழிலில் சில வித்தைகளைக் கற்றதும் துணைத்திறன்கள் கிடைக்கும். தொழிலை மாற்றிய பிறகும் அவை உங்களோடேயே இருக்கும், ஒரு நேரத்தில் நான்கைப் பூட்டலாம். எனவே ஒரே இரண்டாம் தொழிலோடு கேமை முடிப்பது பெரிய இழப்பு. நடுக்கட்டத்தில் தொழில்களைச் சுழற்றுங்கள்.

அத்தியாயங்களின் வரிசை

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பரிந்துரைக்கும் லெவல் வரைபடத்தில் தெரியும். ஒருவருடைய கதையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எட்டுப் பேரையும் சேர்த்துவிட்டு, எல்லோருடைய அடுத்த அத்தியாயத்தையும் குறைந்த லெவலிலிருந்து மேலேறும் வரிசையில் முடியுங்கள். குழுவில் நால்வர்தான் இருக்க முடியும், மதுக்கடையில் காத்திருப்பவர்களுக்கு அனுபவப் புள்ளி ஏறாது. அத்தியாயம் யாருடையதோ அவரை எப்படியும் சேர்க்க வேண்டும் என்பதால் இந்தச் சுழற்சி தானாகவே எல்லோரையும் சமமாக வளர்க்கும்.

இடையில் பார்டிட்டியோவின் வணிகக் கிளைக்கதைகளை விட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒன்றில் 1,00,000 லீவ்ஸ் (கேமின் நாணயம்) கொடுத்து சொந்தக் கப்பல் வாங்கலாம். பெரிய தொகைதான். ஆனால் கடல் முழுக்கத் திறந்துவிடும், தீவுகளில் கிடைப்பவை அந்தப் பணத்துக்குத் தகும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து போகும் இணைக்கதைகளும் உண்டு. ஆஸ்வால்டும் பார்டிட்டியோவும், ஹிகாரியும் அக்னியாவும், த்ரோனேயும் டெமெனோஸும், காஸ்டியும் ஒச்செட்டும். முதல் பாகத்தில் எட்டுப் பேரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் நின்றார்கள் என்ற குறைக்கு இதுதான் பதில். என் கணிப்பில் த்ரோனே, டெமெனோஸ் ஜோடியின் பேச்சே மிகச் சிறப்பு.

எட்டுக் கதைகளும் இந்த இணைக்கதைகளும் முடிந்த பிறகே கடைசி அத்தியாயம் திறக்கும். அதில் என்ன நடக்கிறது என்று சொல்லப்போவதில்லை, ஆனால் தயாரிப்பு பற்றி ஒரு வார்த்தை: எட்டுப் பேரும் தேவைப்படுவார்கள். நால்வரை மட்டும் வளர்த்து வைத்தவர்கள் இங்கே சிரமப்படுவார்கள். எட்டுப் பேருக்கும் ஆயுதம், துணைத்திறன், இரண்டாம் தொழில் எல்லாவற்றையும் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். பிபி தரும் மாதுளைகளையும் வித்தைகளுக்குச் செலவாகும் எஸ்பி புள்ளிகளைத் தரும் பிளம்களையும் அதுவரை விற்காமல் வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்.

முடித்த பிறகு

இதே பாணியில் அடுத்து லைவ் எ லைவ் ஆடலாம். 1994-ல் ஜப்பானில் மட்டும் வந்த சூப்பர் ஃபாமிகாம் கேம், 2022-ல் ஹெச்டி-2டியில் திரும்ப வந்தது. வெவ்வேறு காலங்களில் நடக்கும் தனித்தனிக் கதைகள் கடைசியில் ஒன்று கூடும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. அதை முடித்துவிட்டு, 2024 நவம்பரில் வந்த டிராகன் குவெஸ்ட் 3-ன் ஹெச்டி-2டி வடிவத்துக்குப் போங்கள். அதில் கேடயமும் இல்லை, பிபியும் இல்லை. குழுவில் யாரை எந்தத் தொழிலில் வைக்கிறீர்கள், எதிரி அடிக்கும் முன் யாருக்குப் பலம் கூட்டுகிறீர்கள், எப்போது மருத்துவம் பார்க்கிறீர்கள் என்பதில்தான் முழு ஆட்டமும். ஆக்டோபாத்தில் டர்னைப் படிக்கப் பழகிய கண்ணோடு போனால் அது எளிதாகவே பிடிபடும்.